ஆயிரத்துக்கு அலாரம் வைக்கிற மாப்பிள்ளைக்கு

மாப்ள, பதினஞ்சாம் தேதி விடிஞ்சா உங்க வீட்டுல சேவலுக்கு முன்னாடி போன் கூவுது. ஆயிரம் ஏறுச்சான்னு நீ பாக்குற, உன் பொண்டாட்டி பாக்குறா, எங்க அக்கா, அதான் உங்கம்மா, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கினு அவளும் பாக்குறா. நல்லதுதான். சர்க்கார் துட்டு நேரத்துக்கு வருதான்னு பாக்குறதுல தப்பே இல்ல. ஆனா உன் சம்பளச் சீட்டைக் கடைசியா எப்போ பிரிச்சுப் பாத்தேன்னு கேட்டா மட்டும் தலையைச் சொறியிற. "அது வாட்ஸப்புல வரும் மாமா"ங்கிற. வந்ததைத் தொறந்தியாடா? இல்ல, வந்தவுடனே அழிச்சிட்டு அந்த எடத்துல டான்ஸ் வீடியோ எறக்கிக்கினியா?

நான் தாலுகா ஆபீஸ் வாசல்ல உக்காந்து மனு எழுதிப் பொழைக்கிறவன். எனக்குச் சட்டம் தெரியாது, சட்டத்துக்கிட்ட மாட்டிக்கினவங்களைத் தெரியும். கவரைப்பேட்டைக்காரன், மாதர்பாக்கத்துக்காரன், பழவேற்காட்டுலேர்ந்து மீன் வாடையோட வர்றவன், சிப்காட் ஷிஃப்ட் முடிச்சு கண்ணு செவந்து வர்றவன், எல்லாரும் உக்காந்தவுடனே ஒரே கேள்விதான் கேப்பாங்க: "பெரியவரே, நமக்குக் கெடைக்குமா?" நீயும் அதையேதான் கேக்குற. "நான் ஏழையா இல்லையா மாமா, கவர்மெண்டுல இன்னாதான் சொல்றாங்க?"

அது நீ எந்த ஜன்னல்ல நிக்கிறேங்கிறதைப் பொறுத்ததுடா.

ரோலிங் மில்லுல கான்ட்ராக்ட்டுல உனக்கு மாசம் 14,000. வருஷத்துக்கு 1,68,000. இதைத் தூக்கிக்கினு முதலமைச்சர் காப்பீட்டு ஜன்னலுக்குப் போ. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் வைத்தியம், நல்ல திட்டம்தான். ஆனா அங்க வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கணும். நீ பணக்காரன், போயிட்டு வா. அதே சம்பளத்தோட மகளிர் உரிமைத்தொகை ஜன்னலுக்குப் போ. அங்க வரம்பு ரெண்டரை லட்சம். நீ ஏழை, உள்ள வா. அடுத்த ஜன்னல் இ-ஷ்ரம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா? அப்போ நீ அமைப்புசாராத் தொழிலாளியே இல்ல, எடத்தைக் காலி பண்ணு. அப்புறம் இ.எஸ்.ஐ. ஜன்னல். மாசச் சம்பளம் 21,000-க்குள்ளயா? வாப்பா, உக்காரு. ஒரு காலையில நாலு ஜன்னல் ஏறி எறங்குனா பணக்காரன், ஏழை, ஒண்ணுமில்லாதவன், தொழிலாளின்னு நாலு ஜென்மம் எடுத்துட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம். சம்பளம் என்னமோ அதே பதினாலுதான். அதனால "நான் ஏழையா"ன்னு கேட்டுக்கினு திரியாத. எந்த ஜன்னல் உன்னை எப்படிக் கணக்குல வெச்சிருக்குன்னு பாரு.

அந்த உரிமைத்தொகை ஆயிரத்துக்கே வருவோம். 2023 செப்டம்பர் 15, அண்ணா பொறந்த நாள்ல, காஞ்சிபுரத்துல ஆரம்பிச்சு வெச்சாங்க. மனு போட்டது 1 கோடியே 63 லட்சம். தேறுனது 1 கோடியே 6 லட்சத்துச் சொச்சம். மிச்சம் அரைக் கோடிக்கு மேல. அந்த வாரம் என் வாசல்ல உக்கார எடமில்ல. "எதுக்கு ரிஜெக்ட் ஆச்சு"ன்னு கேட்டு வந்த பொம்பளைங்க பாதிப் பேரு காரணத்தைத் தெரிஞ்சுக்கினேதான் வந்தாங்க, என் வாயால கேட்டா மாறிடுமோன்னு ஒரு நப்பாசை.

ஆரம்பிச்சப்போ போட்ட விதி இதுதான். கவர்மெண்டு மாறுனா விதியும் மாறும், அதை அப்பப்போ கேட்டுத் தெரிஞ்சுக்கோ. பொம்பளைக்கு 21 வயசு முடிஞ்சிருக்கணும். குடும்ப வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள. நஞ்சைன்னா 5 ஏக்கர், புஞ்சைன்னா 10 ஏக்கர், அதுக்கு மேல போகக் கூடாது. வீட்டுக் கரண்ட்டு வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குக் கீழ, அதாவது ரெண்டு மாச பில்லுல சராசரி 600. வருமான வரி கட்டுறவன், சர்க்கார் உத்தியோகஸ்தன், சர்க்கார் பென்ஷன்காரன் வீட்டுல இருக்கக் கூடாது. கார், ஜீப், டிராக்டர் கூடாது. எங்க தெருவுல ஒருத்தன் ஓடாத பழைய காரை வேப்ப மரத்தடியில நிறுத்தி வெச்சிருக்கான், உள்ள கோழி முட்டை போடுது. அவன் பொண்டாட்டி மனு தள்ளுபடி. "அது கார் இல்ல மாமா, கோழிக் கூடு"ன்னு மனுவுல எழுதச் சொல்றான். போக்குவரத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அது இன்னும் உசுரோட ஓடிக்கினு இருக்குடா, முதல்ல அங்க போயி அதுக்குக் கருமாதி பண்ணுன்னு சொல்லி அனுப்பினேன்.

ரேஷன் கார்டுக்கு ஒரு பொம்பளைதான். இங்கதான் உங்க வீட்டு மாதிரி வீடுங்க நாறிப் போச்சு. கார்டுல குடும்பத் தலைவர்னு ஆம்பளை பேரு இருந்தா அவன் பொண்டாட்டியைத் தலைவியா எடுத்துக்குவாங்க. அப்பன் போயிட்டான், கார்டுல தலைவி எங்க அக்கா, அவளுக்கோ முதியோர் பென்ஷன் வருது. பென்ஷன் வாங்குற ஆள் இருக்கிற குடும்பத்துக்கே ஆயிரம் கெடையாதுன்னு முதல்ல போட்டிருந்தாங்க. மாமியா சாகுற வரைக்கும் மருமவளுக்குத் துட்டு இல்லன்னு ஒரு சட்டம் போட்டா அந்த வீட்டுல சோத்துல இன்னா போடுவாங்கன்னு யாரோ ஒரு புண்ணியவான் யோசிச்சிருக்கணும். 2023 ஆகஸ்ட்லயே தளர்த்திட்டாங்க. முதியோர் பென்ஷன் வாங்குறவ வாங்கட்டும், அதே வீட்டுல தகுதி இருக்கிற வேற பொம்பளை மனு போடலாம்னு. எங்க அக்கா உசுரோட இருக்கிறதுக்கு அந்த ஆர்டருக்கும் கொஞ்சம் நன்றி சொல்லு.

தள்ளுபடின்னு மெசேஜ் வந்தா 30 நாளைக்குள்ள இ-சேவை மையத்துல மேல்முறையீடு, அது கோட்டாட்சியருக்குப் போகும்னு வெச்சாங்க. நம்மளுக்குப் பொன்னேரி கோட்டம். அதையும் விட்டவங்களுக்கு 2025 ஜூலையிலேர்ந்து ஊர் ஊரா முகாம் போட்டு மனு வாங்குனாங்க, டிசம்பர்ல இன்னும் 16 லட்சத்துக்கு மேல பேரைச் சேத்துக்கினாங்க. அப்போ முதல் தடவை தள்ளுபடியானவங்க அத்தனை பேரும் தகுதி இல்லாதவங்க இல்லைன்னுதானே அர்த்தம்? நான் சொல்லலப்பா, கணக்கு சொல்லுது.

எங்க அக்கா பென்ஷன் கதையையும் கேளு. தமிழ்நாட்டுல முதியோர் பென்ஷன் 1962-ல வந்தப்போ மாசம் 20 ரூபாய். இப்போ 2023 ஆகஸ்ட்லேர்ந்து 1,200. இதுல டெல்லிக்காரன் பங்கு 80 வயசு ஆகுற வரைக்கும் 200 ரூபாதான், மிச்சம் நம்ம கோட்டையோட துட்டு. மனு எழுத வர்ற கெழங்கட்டைங்க ஆதார் கார்டைப் பாத்தா சிரிப்புதான் வரும். முக்காவாசிப் பேருக்குப் பொறந்த நாள் ஜனவரி 1. வருஷம் மட்டும் தோராயமாச் சொன்னாங்க, கம்ப்யூட்டர் தேதியைப் போட்டுக்கிச்சு. ஊரே ஒரே நாள்ல பொறந்திருக்கு, கேக்கு வெட்டத்தான் ஆள் இல்ல. ஆனா அந்த வருஷத்தைத் தப்பாச் சொல்லி 58 வயசுன்னு பதிஞ்சவன், பல்லு பூரா கொட்டுனாலும் 60-க்காகக் காத்துக்கினு இருக்கணும். கைத்தடி ஊனி வந்து நிக்கிறவனைப் பாத்து "உனக்கு வயசாகல"ன்னு சொல்ற ஒரே எடம் சர்க்கார் ஆபீஸ்தான். வேற எங்க கெடைக்கும் அப்படி ஒரு பாராட்டு?

ஆரம்பாக்கத்தைத் தாண்டி பஸ்ஸுல கண்ணு மூடித் தொறந்தா தடா. ஆந்திரா. அங்க 2024 ஜூலையிலேர்ந்து முதியோர் பென்ஷன் 4,000. அதே வெயிலு, அதே ஏரித் தண்ணி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பொறந்த கெழவனுக்கு நாலாயிரம், இந்தப் பக்கம் ஆயிரத்து இருநூறு. தடாவுல இருக்கிற நம்ம பங்காளி ஒருத்தன் மாசா மாசம் ஒண்ணாந்தேதி போன் பண்ணி "எப்படி இருக்கீங்கோ"ன்னு விசாரிக்கிறான். எனக்கு அவன் விசாரிக்கிறது புரியாதா? உடனே அங்க ஒரு கார்டு, இங்க ஒரு கார்டுன்னு உனக்கு மூளை ஓடும், தெரியும் எனக்கு. கைரேகையும் ஆதாரும் மாநில எல்லையில நிக்காதுடா. அப்படி வெச்சிருந்தவனுங்க ரெண்டு பக்கமும் பேரு போயி, நடுவுல டோல்கேட்டுல நிக்கிற மாதிரி நின்னானுங்க.

தப்புத் துட்டைப் பத்தி இன்னொண்ணு. பிரதமர் கிசான்னு வருஷம் 6,000, மூணு தவணையா, நெலம் இருக்கிற விவசாயிக்கு. 2020-ல கொரோனா நேரத்துல ஆன்லைன்ல யாரு வேணும்னாலும் பதியலாம்னு வழி தொறந்தாங்க. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்ப் பக்கம் புரோக்கருங்க பூந்து, ஒரு சென்டு நெலம் இல்லாதவனை எல்லாம் விவசாயி ஆக்கிட்டானுங்க. 110 கோடி ரூபா போச்சு. அப்புறம் கணக்கைத் தோண்டி, பாங்குலேர்ந்து திருப்பி எடுத்தாங்க. புரோக்கருக்குக் குடுத்த கமிஷன் மட்டும் திரும்பி வரல. அதனாலதான் சொல்றேன், "அண்ணனுக்கு உள்ள ஆள் இருக்கு, ரெண்டாயிரம் குடு"ன்னு உன்கிட்ட வர்றவன் கிட்ட ரசீது கேளு. வருமானச் சான்றுக்கு இ-சேவையில கட்டணம் 60 ரூபாய். அறுபது ரூபாய் வேலைக்கு ரெண்டாயிரம் குடுக்கிறவன், எனக்கு மனு எழுத நூறு ரூபாய் குடுக்க மூக்கால அழுவுறான்.

நான் இத்தினி வருஷம் இந்த வாசல்ல உக்காந்து பாத்ததுல, கேள்வியே கேக்காத திட்டந்தான் ஏழைகிட்ட முழுசாப் போயிச் சேருது. 1997-ல டெல்லியில ரேஷனை ஏழைக்கு மட்டும்னு பிரிச்சாங்க. தமிழ்நாடு பிரிக்க மாட்டேன்னு நின்னுது. எல்லாருக்கும் அரிசின்னு வெச்சுக்கிச்சு, 2011 ஜூன்லேர்ந்து அதுவும் சும்மா. 2021 மே மாசம் டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைன்னாங்க. ஆதார் வாணாம், வருமானச் சான்று வாணாம், ஏறி உக்காந்தாப் போதும். ஆயிரத்துக்குத் தகுதி இல்லைன்னு தள்ளுபடியானவளும் அந்த பஸ்ஸுல ஏறித்தான் மேல்முறையீட்டுக்குப் போனா. பள்ளிக்கூடத்துல காலைச் சாப்பாடு போடுறாங்களே, தட்டை நீட்டுற புள்ளைகிட்ட உங்கப்பன் கரண்ட்டு பில்லு எவ்வளவுன்னா கேக்குறாங்க? பணக்காரனும் வாங்கிடுவானேன்னு படிச்சவங்க கவலைப்படுவாங்க. வாங்கட்டுமே. வாங்கக் கூடாதவன் ஒருத்தனைப் பிடிக்கப் போட்ட வலையில, வாங்க வேண்டியவன் நாலு பேரு மாட்டுறதைத்தான் நான் பாக்குறேன்.

உன் மில்லுல பக்கத்துல நிக்கிறானே ஒரிசாப் பையன், அவனுக்கும் ஒண்ணு சொல்லு. அவன் ஊர் ரேஷன் கார்டை வெச்சே இங்க நம்ம கடையில அரிசி வாங்கலாம். ஒரே நாடு ஒரே கார்டுன்னு 2020 அக்டோபர்லேர்ந்து தமிழ்நாட்டுலயும் இருக்கு. கை வெச்சா மிஷினு சொல்லிடும். அவன் மூணு வருஷமா மார்க்கெட்டு வெலைக்கு அரிசி வாங்கித் தின்னுக்கினு இருக்கான், நீ பக்கத்துல நின்னு அவன்கிட்ட ஹிந்தி சினிமாக் கதை கேக்குற.

இதெல்லாம் காகிதம் இருக்கிறவன் கதை. காகிதமே இல்லாதவன் ஒருத்தன் இருக்கான். நம்ம ஜில்லாவுல ஏரிக்கரையில, தோப்புல, செங்கல் சூளையில இருக்கிற இருளருங்க. அரிசி கார்டுக்கு வீட்டு விலாசம் வேணும், வீட்டுக்குப் பட்டா வேணும், பட்டாவுக்கு ஜாதிச் சான்று வேணும். பழங்குடிச் சான்றைத் தாசில்தார் குடுக்க முடியாது, கோட்டாட்சியர் விசாரிச்சுத்தான் குடுக்கணும். அதுக்கு "உங்கப்பனுக்குச் சான்று இருக்கா?"ன்னு கேப்பாங்க. அப்பன் சூளையில அட்வான்ஸ் வாங்கி மாட்டிக்கினு செத்தவன், அவன்கிட்ட ஏது சான்று? கடனுக்காகச் சூளையிலயும் அரிசி ஆலையிலயும் அடைஞ்சு கெடக்கிறவங்களை மீட்டு வெளிய கொண்டாந்தா, கொத்தடிமை விடுதலைச் சான்றுன்னு ஒண்ணு குடுக்கணும். 1976-லேயே சட்டம் வந்துடுச்சு. சான்று கையில இருந்தா உடனடியா 30,000 வரைக்கும் உதவி. அதுக்கு மேல ஆம்பளைக்கு ஒரு லட்சம், பொம்பளைக்கும் புள்ளைக்கும் ரெண்டு லட்சம், ரொம்பக் கொடுமைன்னா மூணு லட்சம்னு திட்டத்துல இருக்கு. ஆனா பெருந்தொகையை வழக்கோட தீர்ப்புல கட்டி வெச்சுட்டாங்க. இருக்கிறதுலயே ஏழை யாருன்னு கேட்டா, எந்த ஜன்னலும் அவனைத்தான் காட்டும். எந்த ஜன்னலுக்கும் அவன்கிட்டதான் காகிதம் இருக்காது. அவங்களுக்கு எழுதுற மனுவுக்கு நான் துட்டு வாங்குறதில்ல. பெருமைக்குச் சொல்லல, வாங்குனா நைட்டு தூக்கம் வராது.

சரி, உன் கதைக்கு வர்றேன். உனக்குக் காகிதம் இருக்கு, பாக்கத்தான் மனசில்ல.

பேசிக்கே 14,000-னு வெச்சுக்கோ. உன் சம்பளத்துலேர்ந்து பி.எஃப்.க்கு நூத்துக்கு 12, அது 1,680. கம்பெனியும் அதே 1,680 போடணும். அதுல 1,166 பென்ஷன் கணக்குக்குப் போகும், 514 உன் பி.எஃப்.ல சேரும். இ.எஸ்.ஐ.க்கு உன்கிட்ட முக்கா பர்சன்ட்டு, 105. கம்பெனி மூணேகால், 455. கூட்டு. 3,920. மாசா மாசம் உன் பேர்ல அவ்வளவு துட்டு எங்கயோ போயிச் சேரணும். ஆயிரத்துக்கு அலாரம் வைக்கிற, இந்த நாலாயிரத்துக்கு ஒரு கொட்டாவியாவது விட்டியா? அது சர்க்கார் குடுக்கிறது மாமா, இது நம்மளுதுதானேன்னு சொல்லுவ. நம்மளுதுன்னாதான்டா முதல்ல பாக்கணும்! ஓசியில வர்றதை எண்ணிப் பாத்து வாங்குறவன், உழைச்சதை எண்ணாம வுட்டா எந்த கான்ட்ராக்டருக்குத்தான் கசக்கும்?

கான்ட்ராக்டரு கெட்டவன்னு சொல்லல. கெட்டிக்காரன்னு சொல்றேன். பேசிக்கை ஏழாயிரமாக் காட்டி, மிச்சத்தை அந்தப் படி இந்தப் படின்னு பிரிச்சா பி.எஃப். பாதியாக் கொறையும். உன் கையில கூட எண்ணூத்துச் சொச்சம் வரும், நீயும் சந்தோஷமாப் போயிடுவ. 2025 நவம்பர் 21-லேர்ந்து வந்திருக்கிற தொழிலாளர் சட்டத் தொகுப்புல, படி மொத்தத்துல பாதியைத் தாண்டுனா தாண்டுனதும் சம்பளந்தான்னு வெச்சிருக்கு. அதை மேனேஜர்கிட்ட போயி நெஞ்சை நிமித்திச் சொல்லாத, வேலை போயிடும். நாலு பேரு சேந்து, பணிவா, எழுத்துல கேளு. பணிவான மனுவுக்குப் பதில் சொல்றதுதான் ஆபீசருங்களுக்கு ரொம்பக் கஷ்டம்.

நீ பண்ணுன பெரிய கூத்து வேற ஒண்ணு. கான்ட்ராக்டு மாறும்போதெல்லாம் பி.எஃப்.பை வழிச்சு எடுத்துக்கினு வந்த. ஒரு தடவை பைக்கு, ஒரு தடவை மச்சினிச்சி கல்யாணம், ஒரு தடவை எதுக்குன்னே தெரியல. பென்ஷன் வேணும்னா 10 வருஷ சர்வீஸ் சேரணும்டா. பென்ஷன் பங்கையும் சேத்து வாங்கிட்டா அந்த வருஷமெல்லாம் அழிஞ்சு போச்சு, திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணணும். மில்லுல தலைமுடி நரைக்கிற அளவுக்கு இருந்துட்ட, பி.எஃப். கணக்குல நீ இன்னும் பால்குடி மறக்காத புள்ள. யு.ஏ.என். நம்பர் ஆயுசுக்கும் ஒண்ணுதான். கம்பெனி மாறுனா பழைய கணக்கை அதே நம்பருக்கு மாத்திக்கோ, எடுக்காத. 14,000 சம்பளத்துல 20 வருஷம் ஓட்டுனா, சம்பளத்தை வருஷத்தால பெருக்கி 70-ஆல வகுப்பாங்க. நாலாயிரம். இருபது முடிச்சவனுக்கு ரெண்டு வருஷம் சேத்துப் போடுவாங்க, 4,400. உன் 58 வயசுல தடாப் பங்காளி போன் பண்ணா, "நல்லா இருக்கேன்பா, நீ எப்படி இருக்க"ன்னு நீ திருப்பி விசாரிக்கலாம்.

இ.எஸ்.ஐ. கார்டு எங்க வெச்சிருக்க? பீரோவுல கல்யாண ஆல்பத்துக்கு அடியிலதானே? காப்பீட்டு அட்டை இல்லையேன்னு அழுவுறவனே, உனக்குத்தான் அதைவிடப் பெரிசு இருக்கு. நீ, உன் பொண்டாட்டி, புள்ளைங்க, உன்னை நம்பி இருக்கிற எங்க அக்கா, எல்லாருக்கும் வைத்தியம். காய்ச்சல்ல படுத்தா சம்பளத்துல நூத்துக்கு 70 பங்கு, வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். ஆனா அதுக்கு ஆறு மாசக் கணக்குல 78 நாளு பணம் கட்டியிருக்கணும். ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் கட்டுனது அடுத்த ஜனவரிலேர்ந்து ஜூனுக்கு உதவும். அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும் கட்டுனது ஜூலைலேர்ந்து டிசம்பருக்கு. ஒவ்வொரு கான்ட்ராக்டரும் உனக்குப் புது நம்பர் போட்டா இந்த 78 சேரவே சேராது. அதுவும் ஆயுசுக்கு ஒரே நம்பர்தான், பழைய நம்பரைக் குடு. "ஓ.டி.யோட 22,000 வருது, உனக்கு இ.எஸ்.ஐ. கெடையாது"ன்னு எவனாவது சொன்னா நம்பாத. 21,000 வரம்பு பாக்குறப்போ ஓ.டி. துட்டைச் சேக்க மாட்டாங்க. எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போறேன்னு உன் பொண்டாட்டி சொல்றாளே, போகட்டும். பிரசவம்னா 26 வாரம் முழுச் சம்பளம் இதுலதான் வரும், அதுக்கு முந்துன ஒரு வருஷக் கணக்குல 70 நாள் கட்டியிருந்தாப் போதும்.

இப்போ காதைக் கிட்ட கொண்டா. மில்லுல சூடு கம்பி நழுவி அடிபட்டா, அதுக்கு இந்த 78 நாள் கணக்கே கெடையாது. வேலைக்குச் சேந்த முத நாளே அடிபட்டாலும் செல்லும். ஷிஃப்டுக்கு வர்ற வழியில ஜி.என்.டி. ரோட்டுல லாரி இடிச்சாலும், வேலைக்கு வந்த பயணம்னு காட்டுனா அதுவும் சேரும். ஆறுற வரைக்கும் சம்பளத்துல நூத்துக்கு 90 பங்கு. விரல் போச்சு, கை போச்சுன்னா போன அளவுக்குத் தக்கபடி ஆயுசு பூரா மாசப் பணம். அதனாலதான் அடிபட்டவுடனே உன் மேல பாசம் பொங்கும். கார் வரும். "இ.எஸ்.ஐ. எல்லாம் எதுக்குப்பா, நாங்க இருக்கோம்"னு தனியார் நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கினு போவாங்க. பழம் வாங்கித் தருவாங்க, பில்லையும் கட்டுவாங்க. விபத்துன்னு எந்த ரிஜிஸ்டர்லயும் எழுத மாட்டாங்க. தையல் பிரிச்ச அப்புறம் அந்தக் காரும் வராது, பழமும் வராது. விரல் போனவனுங்க என்கிட்ட வந்து உக்காந்து, "மில்லுல அடிபட்டதுக்கு என்ன ஆதாரம்?"னு ஆபீஸ்ல கேக்குறாங்க பெரியவரேன்னு சொல்லுவானுங்க. ஆதாரம் ஆப்பிள் பழத்தோட போயிடுச்சுப்பா. நீ வலியில கத்துனாலும் கத்திக்கினே "விபத்து ரிப்போர்ட்டு எழுதுங்க"ன்னு சொல்லணும். கூட நிக்கிற ஒரிசாப் பையனுக்கும் இதைச் சொல்லிக் குடு, அவனுக்காகக் கத்த இங்க வேற ஆள் இல்ல.

கடைசியா ஒண்ணு. பி.எஃப்.ல நாமினின்னு யார் பேரு போட்டிருக்க? முத வேலைக்குச் சேந்தப்போ கல்யாணம் ஆகல, எங்க அக்கா பேரைப் போட்ட, சரிதானே? கல்யாணம் ஆன அன்னிக்கே அந்த நாமினேஷன் செல்லாமப் போயிடுச்சு. விதி அப்படி. புதுசாப் போடணும். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பி.எஃப். துட்டோட, இன்ஷூரன்ஸ்னு ஏழு லட்சம் வரைக்கும் வர்றதுக்கு வழி இருக்கு. பேரு இல்லாமப் போனா, மாமியாளும் மருமவளும் வாரிசுச் சான்றுக்கு என் வாசல்லதான் வந்து உக்காரணும். ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து மனு எழுதுற தைரியம் எனக்கு இல்ல. போன்லயே பண்ணலாம், ஆதாருக்கு ஓ.டி.பி. வரும், பத்து நிமிஷ வேலை.

இன்னிக்கு நைட்டுக்குள்ள உன் பொண்டாட்டி பேரை ஏத்திடு. மூணு தடவை வழிச்சு எடுத்த பி.எஃப். கதை அவளுக்கு இன்னும் தெரியாதுன்னு நெனைக்கிறேன். நாளைக்குக் காலையில அவ ரேஷன் கடைக்கு என் வாசல் வழியாத்தான் போவா.